அயன் மேசைத் தேர்தல்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழை இருக்கும், முன்னுக்கு நடந்தது பின்னுக்கு வரும், சில விஷயம் மறந்தும் போச்சுது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ. வாயால் சொல்லச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேருக்கு முன்னால் எனக்குக் குரல் வெளியே வராது. கடதாசி என்னைத் திரும்பிப் பார்க்காதபடியால் அதோடு கதைக்கப் பயமில்லை.

சுவிஸில், லுசேர்ணில் இருந்து பஸ் போகிற ஒரு கிராமத்தில்தான் நானும் என்னுடைய மனிசனும் இருக்கிறோம். அவர் நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். நான் கிராமத்து முதியோர் இல்லத்தில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையில், உடுப்புத் தோய்த்து அயன் பண்ணுகிற வேலை. என்னோடு நின்றவள் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. பிள்ளை என்கிறேனே தவிர, அவளுக்கும் அப்போதே தலை நரைத்துவிட்டது. நான் வாய் திறக்காதவள், அவள் வாய் மூடாதவள். அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

முன்பெல்லாம் அந்த அயன் மேசையில் ஊர்க்கதைதான் ஓடும். 2009க்குப் பிறகு அந்தக் கதையை எடுக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. நெடுங்காலம் மெசின் சுத்துகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ஒரு நாள் அவள், மேலே ஆரோ வாசித்துப் போட்டிருந்த கிராமத்துப் பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

"அக்கா, இந்த ஊருக்குப் புதுப் பிரெசிடென்ட் வரப் போறாராம். ஆரா இருக்கும் எண்டு நினைக்கிறீங்க?"

"எங்களுக்கென்ன பிள்ளை, எங்களுக்கு வோட்டா கிடக்கு?"

"வோட்டு இருக்கிறவங்க போய்ப் போடுவாங்க. இல்லாத நாமதான் இருந்து யோசிக்கணும்."

பிரெசிடென்ட் என்றவுடன் பெரிய மாளிகையில் இருக்கிறவர் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சபை, அந்தச் சபைக்கு ஒரு பிரெசிடென்ட். முழு நாட்டுக்கும் ஒருவர் இருக்கிறார்தான். ஆனால் அவர் வருசத்துக்கு வருசம் மாறுவார். அவருடைய பேரை நான் பாடமாக்கி முடிக்க அடுத்தவர் வந்துவிடுவார். எங்களைப் போன்ற வெளிநாட்டு ஆட்களுக்குக் கிராமத்தவர்தான் முக்கியம். சிவப்புப் பாஸ்போட் வேண்டுமென்றால் முதலில் அவரும் அவருடைய ஆட்களும் எங்களை இருத்தி வைத்து விசாரிப்பார்கள். பிறகு ஊர்க்கூட்டம் கூடி, ஓமோ இல்லையோ என்று சனம் கை தூக்கும்.

எனக்கு அந்தப் பாஸ்போட் வேண்டியிருந்தது. கனடாவில் என்னுடைய பெரியக்கா இருக்கிறா. அம்மாவுக்குப் பிறகு என்னை வளர்த்தவ. நான் இஞ்சை வந்த பிறகு அவவை நேரில் கண்டதே இல்லை. சிலோன் பாஸ்போட்டோடு கனடாவுக்கு விசா கேட்டுப் பார்த்தோம். போனால் திரும்ப மாட்டோம் என்று நினைத்தார்களோ என்னவோ, தரவில்லை. இரண்டாம் தரமும் தரவில்லை. சுவிஸ் பாஸ்போட் என்றால் விசா தேவையில்லை, ரிக்கற் எடுத்து ஏற வேண்டியதுதான். பெரியக்காவுக்கோ இருதய வருத்தம். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து ஒரே கேள்விதான் கேட்பா.

"எடியே, வாறியோ இல்லையோ? நீ வரேக்கை நான் கதிரையில இருப்பனோ, சுவரிலை படமாத் தொங்குவனோ தெரியாது."

அதனால்தான் மட்டக்களப்புப் பிள்ளைக்கு விளையாட்டாக இருந்த கதை எனக்கு உள்ளுக்குள் விளையாட்டாக இருக்கவில்லை. அடுத்த பிரெசிடென்ட் ஆரோ, அவருக்கு முன்னால்தான் நான் போய் இருக்க வேண்டும்.

ஊரில் இரண்டு பேருடைய பேர் அடிபட்டது. ஒருவர் இறைச்சிக்கடைக்காரர். மற்றவ பள்ளிக்கூட ரீச்சர்.

இறைச்சிக்கடைக்காரருடைய கட்சி வெளிநாட்டு ஆட்கள் காணும், இனி வேண்டாம் என்கிற கட்சி. கதவைச் சாத்த வேண்டும் என்று அவர் பேப்பரில் சொல்லியிருந்தார். அந்த நேரம் நான் அவருடைய கடைப் பக்கத்தால் போகாமல் சுற்றித்தான் பஸ்ஸுக்குப் போவேன். அப்படியிருக்க, எங்கடை ஆட்கள் சிலபேர் அவரிடம் போய் ஆட்டிறைச்சியை எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தரக் கேட்டிருக்கிறார்கள். முதலில் அவர், இப்படி வெட்டினால் அது இறைச்சி இல்லை, சரளைக்கல் என்று ஏசினாராம். பிறகு சனிக்கிழமைகளில் லுசேர்ணில் இருந்தும் ஆட்கள் வரத் தொடங்க, அவரே கத்தியைத் தூக்கிக்கொண்டு, "சின்னன்? சின்னன்?" என்று தமிழில் கேட்கப் பழகிவிட்டார். அடுத்த தரம் பேப்பரில் வந்தபோது, உழைத்துச் சாப்பிடுகிற வெளிநாட்டவர் வேறு, மற்றவர் வேறு என்றிருந்தது.

"பாத்தீங்களா அக்கா, கதவச் சாத்துறன் எண்டவர் இப்ப யன்னலத் திறந்து வச்சிருக்காரு. இன்னும் ரெண்டு ஆடு போனா வாசலுக்குக் கோலமும் போடுவாரு."

ரீச்சர் நேர்மாறு. வெளிநாட்டுப் பெண்களுக்கென்று கோயில் மண்டபத்தில், அவர்களுடைய வேதக் கோயில்தான், மத்தியானத்தில் தேத்தண்ணி வைத்து டொச், இஞ்சத்தை ஜெர்மன் பாஷை, சொல்லித் தந்தவ. எனக்கு வருகிற கொஞ்ச டொச்சும் அவ தந்ததுதான். என்னுடைய நீளமான பேரை முழுசாகச் சொல்லுகிற ஒரே சுவிஸ்காரியும் அவதான். எல்லாரும் மனிசர்தானே என்று எந்த நேரமும் சொல்லுவா. தேர்தல் கிட்ட வர அந்த வசனத்துக்கு வால் முளைத்தது. எல்லாரும் மனிசர்தான், ஆனால் மொழி முக்கியம். பிறகு தலை போய் வால் மட்டும் மிஞ்சியது. மொழி சரியாகத் தெரியாதவருக்குக் குடியுரிமை கொடுக்க அவசரப்படக் கூடாதாம்.

அதை வாசித்தபோது எனக்குக் கை சில்லிட்டது. அயன் பெட்டி கையில் இருந்தும் சில்லிட்டது.

"ஒராள் படிக்கட்டால ஏறுறாரு, ஒராள் இறங்குறா," என்றாள் மட்டக்களப்புப் பிள்ளை. "நடுப்படியில ரெண்டு பேரும் கண்டு குறூட்சி எண்டு வணக்கம் சொல்லியிருப்பாங்க. நீங்க எந்தப் படியில போய் நிக்கப் போறீங்க?"

நாங்கள் பந்தயம் கட்டினோம். நாலு மூலையிலும் எலாஸ்டிக் இழுபட்டி வைத்த கட்டில் விரிப்பு இருக்கிறதே, அதை மடிக்கிறதைப் போல ஒரு கரைச்சல் உலகத்தில் இல்லை. மூலையைப் பிடித்தால் நடு வழுக்கும், நடுவைப் பிடித்தால் மூலை சுருளும். தோற்றவள் பிறகு வருகிற விரிப்பு எல்லாம் மடிக்க வேண்டும். அவள் இறைச்சிக்கடைக்காரர் என்றாள். நான் ரீச்சர் என்றேன். அவ வருவா என்று நினைத்தேனோ, அவவே வரட்டும் என்று ஆசைப்பட்டேனோ, எனக்கே தெரியாது.

அந்த வருசம் தைப்பொங்கல் விழாவை எங்கள் கிராமத்து மண்டபத்தில் வைப்பதென்று சங்கம் முடிவெடுத்தது. என்னுடைய மனிசன் சங்கத்தில் இருந்தார். இரண்டு பேரையும் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் வருகிறோம் என்றுவிட்டார்கள். வந்தது வில்லங்கம். குத்துவிளக்கின் முதல் திரியை ஆர் ஏற்றுவது? அடுத்த பிரெசிடென்டாக வரப்போகிறவரை இரண்டாவதாக ஏற்ற விட்டால் அடுத்த வருசம் மண்டபம் கிடைக்குமோ என்று சங்கத்தார் பயந்தார்கள். போதாததற்கு மாலை ஒன்றுதான். தை மாதக் குளிரில் சூரிச் கடையில் அன்று வாடாமல் இருந்தது அது ஒன்றுதானாம்.

மனிசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"இஞ்சரும், உங்கட அயன் மேசை என்ன சொல்லுது? ஆர் வருவினம்?"

"எனக்கென்ன தெரியும்."

"தெரியாமலோ பந்தயம் கட்டினனீங்கள்? சங்கமே முழிச்சுக்கொண்டு நிக்குது. சொல்லுமன்."

"நான் ஒண்டு சொல்லுவன், அவள் ஒண்டு சொல்லுவாள். முதல் ஆர் வாசலுக்கு வருகினமோ அவைக்குப் போடுங்கோ."

அதையே சங்கம் ஏற்றுக்கொண்டது. முதலில் வருகிறவருக்கு மாலையும் முதல் திரியும், மற்றவருக்குப் பொன்னாடையும் இரண்டாம் திரியும். வாசலில் தட்டத்தோடு நின்று, பன்னீர் தெளித்து, பொட்டு வைத்து, மாலை போடுகிற வேலை எனக்கு. கதைக்கத் தேவையில்லாத வேலை என்று மனிசன்தான் பிடித்துத் தந்தார்.

இதில் ஒருவரும் யோசிக்காத ஒன்று இருந்தது. இறைச்சிக்கடைக்காரரை நான் கண்டதெல்லாம் வெள்ளை ஏப்ரனும் வெள்ளைத் தொப்பியுமாக. அதுவும் தூரத்தில் நின்று, கண்ணாடிக்குள்ளால். தொப்பியும் மீசையும்தான் எனக்கு அடையாளம். தொப்பி இல்லாமல் வந்தால் மீசைதானே மிச்சம்?

கறுப்புக் கோட்டும் ரையும் கட்டி, பெரிய மீசையோடு ஒருவர் விறுவிறென்று வாசலுக்கு வந்தார். நான் பன்னீரைத் தெளித்தேன். அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு நின்றார். பொட்டு வைத்தேன். மாலையைத் தூக்க, நல்ல மனிசன், எனக்கு எட்டட்டும் என்று குனிந்து கழுத்தைக் காட்டினார். மாலை விழுந்ததைக் கண்ட பெடியன்கள் நாதஸ்வர இசையைப் போட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் கையில் விளக்கோடு முன்னால் நடந்தார்கள். சனம் எழும்பி நின்றது.

அவர் மண்டபத்துக்குப் பொறுப்பான ஆள். திறப்புக்கோர்வையும் நீல நிற வேலை உடுப்புமாகத் திரிந்து, சப்பாத்தைக் கழற்று, கற்பூரத்தைக் கொளுத்தாதே, நெருப்பு மணி அடிக்கும் என்று எங்களைக் கலைக்கிறவர். மரியாதைக்காக அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் மரியாதைக்காகக் கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

மனிசன் புளியங்காய் கடித்த முகத்தோடு ஓடி வந்தார்.

"என்னப்பா செய்தனீர்? உவர் ஹவுஸ்வார்ட் எல்லோ!"

"மீசை இருந்துது."

"மீசை இருந்தா? எனக்கும்தானே மீசை கிடக்கு!"

ஒருவர், மாலையை மெல்ல வாங்கிவிடலாமோ என்று கேட்டார். சங்கத்துக் காரியதரிசி தலையில் கை வைத்தார். "ஒராளின்ர கழுத்தில விழுந்த மாலையைக் கழட்டி இன்னொராளுக்குப் போடுறதோ? தெய்வக் குற்றம்! இனி அவர்தான் முதல் திரி. நடக்கட்டும்." அந்த நேரம் பார்த்துத்தான் உண்மையான இறைச்சிக்கடைக்காரரும் ரீச்சரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். இரண்டு பேருக்கும் பொன்னாடை. ஒன்றுதான் இருந்தபடியால் மற்றது, சங்கத்துப் பெண் ஒருத்தி தோளில் இருந்து எடுத்துக் கொடுத்த சால்வை.

முதல் திரி ஏற்றியவரைப் பேசவும் விட வேண்டும், அது எங்கள் முறை. மைக் அவருடைய கைக்குப் போனது. அறிவிப்பாளர் தம்பி பகிடிக்காரன். டொச்சில் கேட்டான், "ஐயா, வெளிநாட்டவர் பற்றி உங்கள் கொள்கை என்ன?"

ஹவுஸ்வார்ட் கொஞ்சம் யோசித்தார்.

"மண்டபத்துக்குள் சப்பாத்துப் போடக் கூடாது," என்றார். "இஞ்சத்தை ஆளுக்கும் அதுதான், வெளிநாட்டு ஆளுக்கும் அதுதான். நான் மாத்த மாட்டன்."

சனம் கூரை அதிரக் கை தட்டியது. எனக்குப் பக்கத்தில் நின்ற மட்டக்களப்புப் பிள்ளை, "இவரு ஒராள்தான் அக்கா இந்தத் தேர்தல் முழுக்க ஒரே கதையில நிக்கிறவரு," என்றாள். அடுத்த கிழமை பேப்பரில் படம் வந்தது. நடுவில் மாலையோடு ஹவுஸ்வார்ட், பின்னால் பொன்னாடையோடு இறைச்சிக்கடைக்காரர், சால்வையோடு ரீச்சர்.

இந்த ஊர்த் தேர்தலில் ஒரு புதினம் இருக்கிறது. நிற்கிறேன் என்று சொல்லாதவருடைய பேரையும் சனம் எழுதிப் போடலாம். பங்குனியோ சித்திரையோ, தேர்தல் நடந்தது. ஹவுஸ்வார்ட்டின் பேரைக் கனபேர் எழுதிப் போட்டிருந்தார்கள். பகிடிக்குப் போட்டார்களோ உண்மைக்குப் போட்டார்களோ, அந்த வோட்டுகளால் மற்ற இரண்டு பேருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. திரும்பவும் தேர்தல். ஹவுஸ்வார்ட் மண்டபக் கதவில் ஒரு துண்டு ஒட்டினார்: எனக்கு வேலை இருக்கிறது, என்னை விடுங்கோ.

திரும்ப நடந்ததில் இறைச்சிக்கடைக்காரர் வென்றார். ரீச்சர் சபையில் ஒரு ஆளாக வந்தா. நான் இழுபட்டி விரிப்பு மடித்தேன்.

பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டிருந்த என்னையும் மனிசனையும் சபையில் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். போவதற்கு முதல்நாள் மட்டக்களப்புப் பிள்ளை இறைச்சிக்கடைக்குப் போய் நோட்டம் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஈரல் சும்மா போட்டுத் தந்தாரு அக்கா. நல்ல குறி."

"எனக்கெண்டு சொன்னனியோ?"

"இல்ல. சொல்லியிருந்தா திருப்பி எடுத்திருப்பாரோ தெரியாது."

நீளமான மேசை. நடுவில் இறைச்சிக்கடைக்காரர், கோட்டும் ரையும். இந்த முறை நன்றாக முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ரீச்சர். ஏரி, மலை, கன்ரோன் என்கிற மாகாணங்கள் எல்லாம் கேட்டார்கள். மனிசன் பெரும்பாலும் சொன்னார். பாடமாக்கிக்கொண்டு போனதில் பாதியை நானும் சொன்னேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு ரீச்சர் என்னுடைய பேரை முழுசாகச் சொல்லி, மெதுவாகக் கேட்டா.

"நீங்கள் கிராமத்து அரசியலைக் கவனிக்கிறீர்களா? எங்கள் பிரெசிடென்டைப் பற்றி என்ன தெரியும்?"

இது பாடமாக்கின கேள்வி இல்லை. சும்மா இருந்தால் மொழி தெரியாது என்று எழுதிவிடுவார்கள். பெரியக்கா சுவரில் படமாகத் தொங்குகிறது கண்ணுக்குள் வந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், எனக்கு வருகிற டொச்சில்.

"முந்தி அவர் கதவைப் பூட்டச் சொன்னவர். பிறகு யன்னல் திறந்தவர். நீங்கள் முந்தி கதவு திறந்தனீங்கள், பிறகு பூட்டுத் தேடினனீங்கள். இண்டைக்கு ஆர் எதிலை நிற்கிறியள் எண்டு எனக்குத் தெரியாது. அதுதான் பயமாய் இருக்கு."

இறைச்சிக்கடைக்காரருடைய முகம் அவருடைய கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற சாமான் மாதிரிச் சிவந்தது. ரீச்சர் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மூடினா. ஓரத்தில் இருந்த ஒருவர் இருமினார். அது இருமல்தானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். "நன்றி, காணும்," என்றார் இறைச்சிக்கடைக்காரர்.

பஸ்ஸால் இறங்குகிற நேரம் மனிசன் சொன்னார்:

"கலியாணம் கட்டின நாள் தொட்டு ஒரு விஷயத்துக்கு வாய் திறக்காத மனிசி. திறக்கிறதுக்கு உமக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?"

நான் அழுதேன். அவர் சிரித்தார். பிறகு நான் அழுவதைக் கண்டு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, பெரியக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லாமல் விட்டோம். அந்த ஞாயிறும் அவ அதே கேள்வியைத்தான் கேட்டா.

ஊர்க்கூட்டம் அதே மண்டபத்தில்தான் நடந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனேன். மற்ற ஒருவரும் கழற்றவில்லை, அன்று கதிரைக்குக் கீழே விரிப்புப் போட்டிருந்தார்கள். எங்களுடைய விஷயம் வந்தவுடன் நாங்கள் வெளியே போக வேண்டும் என்று சொன்னார்கள். ஆரைப் பற்றி வோட்டோ அவர்கள் இருக்கக் கூடாதாம். நடையில் கோட்டுகள் தொங்குகிற இடத்தில் போய் நின்றோம். பாருங்கோ, எத்தனை வருசமாக ஆர் எந்தப் பக்கம் என்று நான் யோசித்தேன், பந்தயம் கட்டினேன். அவர்கள் காட்டப் போகிற நேரத்தில் நான் கதவுக்கு வெளியே. கதவில் காதை வைத்தேன். கை தூக்குகிறதற்குச் சத்தம் இல்லையே.

"என்ன கேக்குது?" என்றார் மனிசன்.

"ஒண்டும் இல்லை. ஆரோ கதைக்கினம். ஆரெண்டு தெரியேல்லை."

"கோவமாவோ?"

"டொச் எல்லாம் எனக்குக் கோவமாத்தான் கேக்குது."

கதவு திறந்தது. இறைச்சிக்கடைக்காரரே வந்தார். என்னுடைய பேரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டு, "வாங்கோ" என்று கையைக் காட்டினார். உள்ளே சனம் கை தட்டியது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. விருந்தினருக்கென்று ஓரத்தில் போட்டிருந்த வாங்கில் இருந்து மட்டக்களப்புப் பிள்ளை, கூட்டம் என்றும் பார்க்காமல், "அக்கா, கனடா!" என்று கத்தியபோதுதான் விளங்கியது.

பாஸ்போட் கைக்கு வர இன்னும் கனகாலம் எடுத்தது. வந்தவுடன் போனேன். பெரியக்கா கதிரையில்தான் இருந்தா. என்னைக் கண்டவுடன், "என்னடி இவ்வளவு கிழவியாப் போனாய்?" என்றா. அவவோடு ஒரு கோடை முழுக்க இருந்தேன். காலையில் அவவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவேன். அவ தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் ஆர் ஆர் உனக்குக் கை தூக்கினது, சொல்லு, சொல்லு என்று கேட்பா. அங்கேதான் நான் மாட்டுப்பட்டேன்.

எனக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே இருந்து பார்த்தவள் மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்திதான். அவளோ வோட்டுக் கேட்கிறவர்களைவிட மோசம். முதல் தரம் சொன்னபோது, ரீச்சர்தான் எழும்பி எனக்காகப் பேசினவ, இப்படி எங்களைக் கவனிக்கிற மனிசிக்குக் கொடுக்காமல் வேறு ஆருக்குக் கொடுக்கிறது என்று கேட்டவ என்றாள். அடுத்த தரம், அப்படிச் சொன்னது இறைச்சிக்கடைக்காரர் என்றாள். ரெலிபோனில் கேட்டால், ரீச்சர் கையை அரைவாசி தூக்கி, சுற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தூக்கினவ என்கிறாள். எதிராகத் தூக்கின கையும் சிலது இருந்ததாம். ஆருடையது என்று கேட்டால், "மீசை இருந்திச்சு அக்கா" என்று சிரிக்கிறாள்.

பெரியக்காவுக்குச் சரியான கதை சொல்ல வேண்டும், அவ இன்னும் ஞாயிறுகளில் கேட்கிறா. அந்தக் கூட்டத்தில் உள்ளே இருந்தவர்கள், அல்லது இருந்தவர்களைத் தெரிந்தவர்கள் ஆராவது இதை வாசித்தால், ஆர் எழும்பிப் பேசினது, ரீச்சருடைய கை முழுசாக மேலே போனதோ என்பதை விசாரித்துச் சொல்லுங்கோ. மற்றதில் நான் மாறி எழுதியிருந்தாலும் அதையும் திருத்திவிடுங்கோ.